அயலவர் திரும்ப எவ்வளவு நேரம்? ஒளி பட்ட மூலக்கூறின் 142 வருடக் கதை

நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். ஏ.எல். படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் இருத்தி வாசியுங்கள்.

இரசாயனவியல் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் உண்டு. தாக்கச் சமன்பாட்டில் அம்புக்குறிக்கு மேலே கரைப்பானின் பெயர் எழுதியிருந்தால் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். "அது சும்மா தண்ணி தானே சேர்" என்பது அவர்களுடைய நியாயம். விஞ்ஞானிகளும் நீண்ட காலம் ஏறத்தாழ இப்படித்தான் நினைத்தார்கள். கரைப்பான் என்றால் பொருளைத் தாங்கி வைத்திருக்கும் ஒரு பாத்திரம் மாதிரி. நடப்பதெல்லாம் கரைந்த மூலக்கூறுக்குள்தான் நடக்கிறது என்று.

கரைப்பான் பாத்திரம் அல்ல, பங்காளி. ஒரு மூலக்கூறில் மாற்றம் வந்தால் சுற்றியிருக்கும் ஆயிரக்கணக்கான கரைப்பான் மூலக்கூறுகள் அதற்கு ஏற்பத் திரும்புகின்றன. அப்படித் திரும்ப அவற்றுக்கு ஒரு நேரம் வேண்டும். தண்ணீரில் அந்த நேரத்தை அதன் ஆரம்ப அசைவு வரை அளந்து காட்ட, 1852 இலிருந்து 1994 வரை 142 வருடங்கள் பிடித்தன.

1. கொயினாவின் நீல வெளிச்சம்

ஜோர்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் அயர்லாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் ஒரு காலத்தில் நியூட்டன் வகித்த அதே லூக்காசியன் பேராசிரியர் பதவியில் இருந்தவர். 1852 இல் அவர் சூரிய ஒளியை அரியத்தால் நிறங்களாகப் பிரித்தார். கொயினாக் கரைசல் இருந்த குழாயைச் சிவப்பிலிருந்து ஊதா நோக்கி மெல்ல நகர்த்தினார். நிறமாலையின் பெரும்பகுதியில் ஒன்றும் நடக்கவில்லை. ஊதாவையும் தாண்டி, கண்ணுக்கு வெறும் இருட்டாகத் தெரியும் இடத்துக்குக் குழாய் போனதும் அது நீலமாக ஒளிர்ந்தது.

கொயினா கரைசலில் ஒரு நீல ஒளி தெரிவதை 1845 இலேயே ஜோன் ஹேர்ஷல் எழுதியிருந்தார். அதன் காரணத்தைப் பிடித்தவர் ஸ்டோக்ஸ். கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் கதிரை மூலக்கூறு வாங்குகிறது; கண்ணுக்குத் தெரியும் நீலமாகத் திருப்பித் தருகிறது. வெளிவரும் ஒளியின் அலைநீளம் உள்ளே போன ஒளியின் அலைநீளத்தை விடக் கூடியது. அதாவது வாங்கிய சக்தி முழுவதும் திரும்பி வருவதில்லை. இந்த வித்தியாசத்தை இன்று ஸ்டோக்ஸ் பெயர்ச்சி என்கிறோம். இவ்வாறு ஒளிர்வதற்குப் புளோரொளிர்வு என்று பெயர். புளோர்ஸ்பார் என்ற கனியத்தின் பெயரிலிருந்து அந்தச் சொல்லை உண்டாக்கியவரும் ஸ்டோக்ஸ்தான்.

இந்தக் கொயினாவுக்கும் எங்கள் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. மலேரியாவுக்கு அன்று இருந்த மருந்து அது. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுப்பார்கள். நுவரெலியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹக்கல தாவரவியல் பூங்கா 1861 இல் தொடங்கப்பட்டதே சிங்கோனாவைப் பயிரிட்டுப் பார்ப்பதற்காகத்தான். இன்று பூப் பார்க்கப் போகும் இடம், அன்று மருந்துத் தோட்டம்.

வீட்டில் செய்து பார்க்கலாம். கொயினா சேர்த்த டொனிக் வோட்டர் ஒரு போத்தல் வாங்குங்கள். கள்ளநோட்டுப் பார்க்கும் கழியூதா டோர்ச்சை இருட்டறையில் அதன் மேல் அடியுங்கள். நீலமாக ஒளிரும். (டோர்ச்சை நேராகக் கண்ணில் அடிக்க வேண்டாம்.) பிறகு ஒரு கரண்டி உப்புப் போட்டுக் கலக்குங்கள். வெளிச்சம் மங்கும். உப்பிலுள்ள குளோரைட்டு அயன்கள் ஒளிரப் போகும் கொயினா மூலக்கூறில் மோதி அதன் சக்தியைக் கரைத்து விடுகின்றன. கொயினா அப்படியேதான் இருக்கிறது. அதன் அயலவர் மாறினார்கள், வெளிச்சமும் மாறிவிட்டது.

சரி, திரும்பி வராத சக்தி எங்கே போனது? ஒரு பங்கு மூலக்கூறின் உள் அதிர்வுகளில் போகிறது. மற்றப் பங்கு எங்கே போனது என்று சொல்ல இன்னொரு நூறு வருடம் தேவைப்பட்டது.

2. நேர்ப் பக்கமும் மறைப் பக்கமும்

அடுத்தவர் பீட்டர் டிபை, ஒல்லாந்துக்காரர். 1936 இல் இரசாயனவியல் நோபல் பரிசு பெற்றவர். சில மூலக்கூறுகளில் ஒரு பக்கம் கொஞ்சம் நேரேற்றமும் மறுபக்கம் கொஞ்சம் மறையேற்றமும் நிரந்தரமாகவே இருக்கும் என்பதை 1912 இல் அவர் முன்வைத்தார். இவைதான் முனைவுள்ள மூலக்கூறுகள். தண்ணீரில் ஒட்சிசன் பக்கம் மறை, ஐதரசன் பக்கம் நேர்.

இப்படிப்பட்ட திரவத்தில் மின்புலத்தை இங்கும் அங்கும் மாற்றினால் மூலக்கூறுகளும் அதற்கேற்பத் திரும்பப் பார்க்கும். ஆனால் உடனே திரும்ப முடியாது; பிந்தும். அந்தப் பிந்துதலை டிபை 1913 இல் கணக்கில் கொண்டுவந்தார். அறை வெப்பநிலைத் தண்ணீருக்கு அது சுமார் 8 பிக்கோசெக்கன். மைக்ரோவேவ் அடுப்பில் சோறு சூடாவதும் இந்தப் பிந்துதலால்தான்.

பிக்கோசெக்கன் என்றால் என்ன? ஒளி ஒரு செக்கனில் 3 இலட்சம் கிலோமீற்றர் போகும். ஒரு நனோசெக்கனில் 30 சென்ரிமீற்றர், பள்ளிக்கூட அடிமட்டத்தின் நீளம். ஒரு பிக்கோசெக்கனில் 0.3 மில்லிமீற்றர் மட்டும். அதையும் ஆயிரமாகப் பிரித்தால் பெம்தோசெக்கன். ஒரு பெம்தோசெக்கன் ஒரு செக்கனுக்கு எப்படியோ, அப்படித்தான் ஒரு செக்கன் சுமார் 3 கோடியே 17 இலட்சம் வருடங்களுக்கு.

இப்போது ஒரு சாய மூலக்கூறு தண்ணீரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றியிருக்கும் தண்ணீர் மூலக்கூறுகள் அதன் ஏற்றப் பரம்பலுக்கு ஏற்பத் திரும்பி நிற்கின்றன. ஒளி பட்டதும் சாயத்தின் இலத்திரன்கள் இடம் மாறுகின்றன. ஒரு பக்கம் முன்பை விட நேராகிறது, மறுபக்கம் முன்பை விட மறையாகிறது. பாடப்புத்தகம் அருட்டப்பட்ட நிலை என்பது இதைத்தான். இலத்திரன் இலேசானது, கண நேரத்தில் மாறிவிடும். அணுக்கரு பாரமானது, அந்தக் கணத்தில் அது இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே அயலவர் எல்லோரும் இன்னும் பழைய சாயத்துக்கு ஏற்றபடியே நிற்கிறார்கள். நடுவில் இருப்பவரோ மாறிவிட்டார்.

இந்த நிலை நீடிக்காது. தண்ணீர் மூலக்கூறுகள் புதிய ஏற்றத்துக்கு ஏற்பத் திரும்பத் தொடங்கும். திரும்பத் திரும்ப அருட்டப்பட்ட மூலக்கூறின் சக்தி இறங்கும். சக்தி இறங்க இறங்க, அது வெளிவிடும் ஒளி சிவப்புப் பக்கம் நகரும். திரும்பி வராத சக்தியின் மற்றப் பங்கு அயலவரைத் திருப்புவதில் செலவாகிறது.

1950களின் நடுப்பகுதியில் ஜப்பானில் ஊஷிகாவும் மத்தாகாவும், ஜேர்மனியில் லிப்பர்ட்டும் இதை ஒரு சமன்பாடாக்கினார்கள். கரைப்பானின் முனைவுத்தன்மை கூடக் கூட ஸ்டோக்ஸ் பெயர்ச்சி எவ்வளவு கூடும் என்று அது சொல்லும். எங்கள் அடுப்படி மஞ்சளில் உள்ள குர்குமினும் இந்த ரகம்தான். கொஞ்சம் மஞ்சள்தூளைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கரைத்து அதே டோர்ச்சை அடித்தால் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். (நெருப்புக்குப் பக்கத்தில் செய்ய வேண்டாம்.) முனைவற்ற கரைப்பானில் அதே குர்குமினின் ஒளி நீலப் பக்கம் நகர்ந்துவிடும்.

ஆனால் அந்தச் சமன்பாட்டுக்குள் நேரம் இல்லை. அயலவர் எல்லோரும் திரும்பி முடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டுதான் கணக்கு. தொடக்கம் தெரியும், முடிவு தெரியும். நடுவில் நடப்பதைப் பார்க்க மணிக்கூடு இல்லை.

3. ஒளியே மணிக்கூடு

ஆர்ஜென்டீனாவைச் சேர்ந்த என்ரிக்கே கவியோலா 1926 இல் பெர்லினில் ஒரு கருவி செய்தார். சாயக் கரைசல்கள் ஒளிர்ந்து அணைய சில நனோசெக்கன்களே எடுக்கின்றன என்பதை அதனால் அளந்தார். இங்கேதான் சிக்கல். மூலக்கூறு ஒளிர நனோசெக்கன்கள்; தண்ணீர் திரும்பப் பிக்கோசெக்கன்கள். மூலக்கூறு ஒளிரும்போது அயலவரின் வேலை எப்போதோ முடிந்திருக்கும்.

வேகமான மணிக்கூடு இல்லாவிட்டால் என்ன செய்வது? நிகழ்ச்சியை மெதுவாக்கலாம். தேங்காய் எண்ணெய் குளிரில் இறுகுவது போல, மதுசாரங்களைக் குளிரூட்டினால் பாகுத்தன்மை கூடி மூலக்கூறுகள் மெதுவாகத் திரும்பும். 1971 இல் வில்லியம் வெயரும் துணைவர்களும் புரொப்பனோலைக் குளிரூட்டி, அதில் அமைனோத்தலிமைட் என்ற சாயத்தின் ஒளியை நனோசெக்கன் நனோசெக்கனாகப் பார்த்தார்கள். ஒளியின் நிறம் நேரத்தோடு நீலப் பக்கத்திலிருந்து சிவப்புப் பக்கம் நகர்ந்தது. அயலவர் திரும்புவது கண்ணெதிரே தெரிந்தது.

அறை வெப்பநிலையில் பார்ப்பதற்கு லேசர் வளர வேண்டியிருந்தது. முதல் லேசரை தியோடர் மைமன் 1960 மே மாதம் இயக்கினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பிக்கோசெக்கன் துடிப்புகள் வந்தன. 1981 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 100 பெம்தோசெக்கனுக்கும் குறைந்த லேசர் துடிப்பை உண்டாக்கினார்கள்.

ஆனால் எந்த இலத்திரனியல் கருவியும் இவ்வளவு வேகமாகத் திறந்து மூடாது. பிறகு எப்படி அளப்பது? இந்த உபாயத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.

ஒரே லேசர்த் துடிப்பை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒன்று நேராகப் போய்ச் சாயத்தை அருட்டும். மற்றது ஒரு கண்ணாடியில் பட்டுச் சுற்றி வரும். கண்ணாடியை 0.15 மில்லிமீற்றர் பின்னே தள்ளினால், போகவும் வரவும் சேர்த்து 0.3 மில்லிமீற்றர் கூடுதல் பாதை. அதாவது இரண்டாவது துடிப்பு சரியாக ஒரு பிக்கோசெக்கன் பிந்தி வரும். சாயம் விட்ட ஒளியையும் பிந்தி வந்த துடிப்பையும் ஒரு விசேட பளிங்கில் சந்திக்க வைப்பார்கள். இரண்டும் ஒரே கணத்தில் அங்கே இருந்தால் மட்டும் இரண்டின் சக்தியும் சேர்ந்த புதிய ஒளி பிறக்கும். கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வோர் இடத்திலும் அந்தப் புதிய ஒளியை அளந்தால், சாயத்தின் ஒளி ஒவ்வொரு கணத்திலும் எப்படி இருந்தது என்று தெரியும். நேரத்தை அளக்கவில்லை, தூரத்தை அளந்தார்கள். அதை நேரமாக மாற்றித் தந்தது ஒளியின் வேகம்.

4. சஹனில் ஆறாவது ஆள்

அளவீட்டுக்குக் கொஞ்சம் முன்னே கோட்பாடு ஓடியது. 1984 இல் சிக்காகோவில் மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள்: டேவிட் ஒக்ஸ்டபி, கிரஹம் பிளெமிங், இவர்களோடு பிமன் பாக்சி. பாக்சி வங்காளி; பின்னர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியரானவர்.

டிபையின் 8 பிக்கோசெக்கனை அப்படியே எடுத்தால் தண்ணீர் சாயத்துக்கு ஏற்பத் திரும்ப 8 பிக்கோசெக்கன் வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். கோட்பாடு அப்படிச் சொல்லவில்லை. சுமார் அரை பிக்கோசெக்கன் போதும் என்றது. ஏன்?

கலியாண வீட்டுச் சஹனை நினைத்துப் பாருங்கள். ஐந்து பேர் சுற்றி இருக்கிறார்கள். ஆறாவது ஆள் வருகிறார். யாரும் எழும்பி முழுதாக இடம் மாறத் தேவையில்லை. ஐந்து பேரும் ஆளுக்குக் கொஞ்சம் அரக்கினால் இடம் வந்துவிடும். தண்ணீரும் அப்படித்தான். ஒரு மூலக்கூறு முழுதாகத் திரும்ப நேரம் எடுக்கும். ஆனால் நிறைய மூலக்கூறுகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் திரும்பினால் வேலை விரைவில் முடிந்துவிடும்.

1987 இல் மார்க் மரொன்செல்லியும் பிளெமிங்கும் குமரின் 153 என்ற சாயத்தைப் பல கரைப்பான்களில் போட்டு அளந்தார்கள். அருட்டப்பட்டதும் இதன் இருமுனைவுத் திருப்புதிறன் ஏறத்தாழ இரு மடங்காகும். அயலவரை அசைக்க நல்ல ஆள். கிடைத்த பதில் கோட்பாட்டை விடச் சிக்கலானது. ஒரே ஒரு நேரம் அல்ல, பல நேரங்கள். வேகமான ஒரு பகுதி, பின்னே மெதுவான பகுதிகள்.

1988 இல் இதே இருவரும் தண்ணீரைக் கணினிக்குள் உருவாக்கிப் பார்த்தார்கள். அங்கே அதிசயமான ஒன்று தெரிந்தது. பதிலின் பெரும் பங்கு சில பத்துப் பெம்தோசெக்கன்களுக்குள் முடிந்துவிடுகிறது என்றது கணினி. அதே வருடம் போல் பார்பராவின் குழு தண்ணீரை உண்மையாக அளந்து, ஒரு பிக்கோசெக்கன் வட்டாரத்தில் நடப்பதைக் கண்டது. கணினி சொன்ன ஆரம்ப அசைவு அன்றைய கருவிக்கு எட்டவில்லை. கணினி சொல்வதை நம்புவதா?

5. 1994: தண்ணீர் பதில் சொன்னது

முதலில் இலகுவான திரவம் ஒன்றில் பார்த்தார்கள். 1991 இல் சான்ட்ரா ரோசென்தாலும் பிளெமிங் குழுவினரும் அசற்றோநைத்திரைலை எடுத்தார்கள். பதிலின் பெரும் பங்கு 100 பெம்தோசெக்கன் வட்டாரத்திலேயே முடிந்திருந்தது.

1994 இல் தண்ணீரின் முறை. ரால்ப் ஜிமெனெஸ், பிளெமிங், குமார், மரொன்செல்லி ஆகியோர் நேச்சர் சஞ்சிகையில் முடிவை வெளியிட்டார்கள். தண்ணீரின் பதிலில் பாதிக்கு மேல் சுமார் 50 பெம்தோசெக்கனுக்குள் முடிந்துவிடுகிறது. மிச்சம் ஒரு பிக்கோசெக்கனுக்கு உட்பட்ட நேரங்களில் நடக்கிறது. 50 பெம்தோசெக்கனில் ஒளியே 15 மைக்ரோமீற்றர்தான் போகும். ஒரு தலைமுடியின் தடிப்பைக் கூடக் கடக்காது. கணினி சொன்னது சரி.

இவ்வளவு வேகம் எப்படி? சந்தைச் சனத்துக்குள் நடப்பவரைப் பாருங்கள். முதல் அரை அடி தடையில்லாமல் வைப்பார். பிறகுதான் மோதி, ஒதுங்கி, வழி விட்டு மெதுவாகப் போவார். தண்ணீர் மூலக்கூறும் அயலில் மோதுவதற்கு முன் தன் இடத்தில் ஒரு சிறு ஆட்டம் ஆடுகிறது. ஐதரசன் இலேசான அணு என்பதால் அந்த ஆட்டம் மிக வேகமானது. மிச்ச வேலைக்குத்தான் ஐதரசன் பிணைப்புகள் உடைந்து கட்டப்பட வேண்டும்.

அடுத்த வருடம், 1995 இல், மரொன்செல்லி குழு இருபதுக்கும் மேற்பட்ட கரைப்பான்களை அளந்து வெளியிட்டது. சராசரியாக மெதனோலுக்குச் சுமார் 5 பிக்கோசெக்கன், எதனோலுக்குச் சுமார் 16. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு காபனும் இரண்டு ஐதரசனும்தான். "சும்மா கரைப்பான்" என்று ஒன்று இல்லை என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

6. கொல்கத்தாவும் எகிப்து மகனும்

இதுவரை பார்த்தது போத்தல் தண்ணீர். எங்கள் உடம்பில் இருப்பது போத்தல் தண்ணீர் அல்ல. புரதத்தோடு ஒட்டி, கொழுப்பு மென்சவ்வுகளுக்கு இடையில் நெருக்குப்பட்டு இருக்கும் தண்ணீர்.

கொல்கத்தாவில் ஒரு பழைய ஆய்வுகூடம் இருக்கிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன் 1928 இல் ராமன் விளைவைக் கண்டுபிடித்தது அங்கேதான். அதே நிறுவனத்தில் கங்கன் பட்டாச்சாரியாவும் மாணவர்களும் 1990களில் ஒரு கேள்வி கேட்டார்கள். எண்ணெய்க்குள் சவர்க்கார மூலக்கூறுகள் சூழ்ந்து அடைத்து வைத்த நனோமீற்றர் அளவான நீர்த்துளி எப்படி நடந்துகொள்ளும்? 1996 இல் கிடைத்த பதில்: அங்கே ஒரு பகுதி நனோசெக்கன்களில் நடக்கிறது. சாதாரண தண்ணீரை விட ஆயிரம் மடங்குக்கும் மேல் மெதுவாக. இடம் நெருக்கமானதும் தண்ணீரின் குணமே மாறிவிட்டது. இதைப் பார்க்கப் பெம்தோசெக்கன் கருவி தேவைப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். கையில் இருந்த கருவிக்குப் பொருத்தமான கேள்வியைத் தெரிவு செய்தார்கள்.

அஹ்மத் ஸெவைல் எகிப்தின் தமன்ஹூரில் பிறந்து, அலெக்சாந்திரியாப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். பெம்தோசெக்கன் இரசாயனவியலுக்காக 1999 இல் நோபல் பரிசு பெற்றார். விஞ்ஞானத்தில் நோபல் பெற்ற முதல் எகிப்தியர். 2002 இல் சமீர் குமார் பாலும் அவரும் துணைவர்களும் புரதத்தின் மேற்பரப்புத் தண்ணீரை அளந்தார்கள். வெளியிலிருந்து சாயம் சேர்க்கவில்லை. புரதத்திலேயே இருக்கும் திரிப்தோபன் என்ற அமினோ அமிலத்தையே ஒளிர வைத்தார்கள். ஒரு புரதத்தில் இரண்டு நேரங்கள் கிடைத்தன. ஒன்று 0.8 பிக்கோசெக்கன், சாதாரண தண்ணீர் மாதிரி. மற்றது 38 பிக்கோசெக்கன். அந்த மெதுவான பகுதி தண்ணீரின் அசைவா, புரதத்தின் அசைவா, இரண்டும் சேர்ந்ததா என்ற வாதம் பின்னரும் தொடர்ந்தது. விஞ்ஞானத்தில் அப்படி வாதம் நடப்பது ஆரோக்கியம்.

7. இதனால் என்ன பயன்?

பெற்றோர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி.

ஓர் இலத்திரன் ஒரு மூலக்கூறிலிருந்து இன்னொன்றுக்குப் பாய வேண்டுமானால், சுற்றியிருக்கும் கரைப்பான் முதலில் அதற்குத் தோதாக அமைய வேண்டும். ருடோல்ப் மார்க்கஸ் 1956 இலிருந்து எழுதிய கோட்பாடு இது. 1992 இல் நோபல் கிடைத்தது. இலையில் நடக்கும் ஒளித்தொகுப்பு, பற்றரி, சாயம் பூசிய சூரியக் கலம், எங்கள் உடம்பில் நடக்கும் சுவாசம், எல்லாவற்றிலும் இலத்திரன் பாய்கிறது. சில தாக்கங்களில் வேகத்தைத் தீர்மானிப்பதே கரைப்பான் திரும்பும் வேகம்தான். அயலவர் தயாராகாமல் காரியம் நடக்காது.

இன்னொரு பயன் எங்கள் பிள்ளைகளுக்கு. இந்தக் கதையில் அயர்லாந்துக்காரர் இருக்கிறார், ஒல்லாந்துக்காரர், ஜப்பானியர், ஆர்ஜென்டீனர், வங்காளிகள், எகிப்தியர் இருக்கிறார்கள். "இதெல்லாம் வெள்ளைக்காரனுடைய வேலை" என்று சொல்லிப் பிள்ளையின் ஆர்வத்தைக் கெடுக்காதீர்கள். பெரிய ஆய்வுகூடம் இல்லையே என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் பெரிய கருவி இல்லாத இடத்தில் திரவத்தைக் குளிரூட்டினார்கள். வேகமான மணிக்கூடு இல்லாத இடத்தில் கண்ணாடியை நகர்த்தினார்கள். கருவி எட்டாத இடத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்.

பாடத்தை மனனம் செய்து புள்ளி எடுப்பது தேவைதான், பரீட்சை பரீட்சைதான். அதோடு "தொடக்கம் தெரியும், முடிவு தெரியும், நடுவில் என்ன நடக்கிறது?" என்று கேட்கவும் பிள்ளையைப் பழக்குங்கள். 142 வருட உழைப்பும் அந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

டொனிக் வோட்டரும் மஞ்சளும் செய்து பார்க்கும் பிள்ளைகள் என்ன நிறம் கண்டீர்கள் என்று கீழே எழுதுங்கள். கேள்விகள் இருந்தாலும் எழுதுங்கள். ஒவ்வொன்றாகப் பதில் தருகிறேன்.